கண்ணும் இமையும்

(ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் — 12-ஆம் வகுப்பும் 9-ஆம் வகுப்பும்)

“கண்ணை இமை காப்பது போல” என்ற தொடரை எழுதாத மாணவி நம் பள்ளியில் ஒருத்தியேனும் உண்டா? தாயன்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாலும் சரி, ஆசிரியப் பணியைப் போற்றிப் பேசச் சொன்னாலும் சரி, இத்தொடர் தானாகவே வந்து அமர்ந்துவிடும். ஆனால் இமை எப்படிக் காக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? நிமிடத்துக்குச் சுமார் 15 முறை அது இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் கண்ணீரை மெல்லிய படலமாகப் பூசி, தூசியைத் துடைத்து விடுகிறது. இரவில் கதவைச் சாத்தித் தாழிட்டது போல் மூடிக்கொள்கிறது. இத்தனையும் நம்மைக் கேட்டா நடக்கிறது?

அன்புத் தோழியரே! எங்கள் இருவருக்கும் அந்த இமைக் கதவு முழுவதும் சாத்துவதில்லை. பிறந்த நாள் முதல் நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டே உறங்குகிறவர்கள். எங்கள் தோலைப் பார்த்து ஏன் இப்படி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்கத் தயங்கியவர்கள் அதைவிடப் பலர். “இவ்வாண்டு மலரில் நீங்களே எழுதலாமே” என்று தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் சொன்னபோது, அக்காவும் தங்கையுமாக அமர்ந்து இதை எழுதினோம். எங்கள் தோலைப் பற்றி மட்டும் அன்று, தோலைவிட எங்களுக்கு அதிகக் கவலை தரும் கண்ணைப் பற்றியும்.

எங்கள் நோயின் பெயர் இக்தியோசிஸ். கிரேக்க மொழியில் மீனைக் குறிக்கும் ‘இக்துஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தோல் மீன் செதில் போல் தடித்து உரிவதால் இப்பெயர். முதல் கிறிஸ்தவர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ள வரைந்த மீன் சின்னத்துக்கும் இதே சொல்தான் என்று நன்னெறி வகுப்பில் சிஸ்டர் சொன்னபோது, வகுப்பே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அன்று எங்களுக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னோம். “மீனாட்சிக்கும் மீன் கண்தானே! மீன் இமைக்காமல் பார்த்துக்கொண்டே தன் முட்டையைப் பொரிக்கும் என்று சொல்லுவார்கள்” என்றாள் அம்மா. பெரும்பாலான மீன்களுக்கு இமையே இல்லை. ஆனால் அவை நீரில் வாழ்கின்றன, அவற்றின் கண் காய்வதில்லை. நாங்கள் வாழ்வதோ பாளையங்கோட்டை வெயிலில்.

இக்தியோசிஸ் ஒரு நோய் அன்று, ஒரு குடும்பம் என்றே சொல்ல வேண்டும். அதில் பல வகைகள் உண்டு. 50-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏதேனும் ஒன்றில் ஏற்படும் பிழை இதற்குக் காரணமாகலாம். பலருக்கும் வருவது லேசான வகை. பனிக்காலத்தில் கால் தோல் வெடிப்பதோடு நின்றுவிடும். எங்களுடையது ‘லேமெல்லர்’ என்னும் அரிய வகை. உலகளவில் லட்சம் பிறப்புகளில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு என்பர். இதற்குப் பெரும்பாலும் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 1995-இல் கண்டுபிடித்தார்கள். மேல்தோலின் அணுக்களைச் சுற்றி உறுதியான உறையைக் கட்டும் ஒரு நொதியை உண்டாக்குவது அந்த மரபணுவின் வேலை. கொத்தனார் இல்லாமல் செங்கல்லை அடுக்கிய சுவர் எப்படி இருக்கும்? எங்கள் தோலும் அப்படித்தான். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட உடம்பு மேலும் மேலும் தோலை அடுக்குகிறது. அது தடித்து, இறுகி, தகடு தகடாக எழும்புகிறது.

இது ஒட்டுவாரொட்டி அன்று. எங்களைத் தொட்டால் வராது, எங்கள் தட்டில் சாப்பிட்டால் வராது, எங்கள் அருகில் அமர்ந்தால் வராது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்பதால் இங்கேயும் எழுதுகிறோம்.

நாங்கள் பிறந்தபோது எங்கள் உடம்பு முழுவதும் கண்ணாடித் தாளால் சுற்றியது போல் பளபளப்பான ஒரு சவ்வு இருந்ததாம். அது இறுக்கி இழுத்ததில் இமைகள் வெளிப்புறமாகப் புரண்டு, உள்ளே இருக்கும் சிவந்த சதை தெரிந்ததாம். எங்களில் மூத்தவளை முதன்முதலில் பார்த்த ஆச்சி மயங்கி விழுந்தாள். பாம்பை அடித்த பாவம் என்றார் ஒருவர். கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்றார் மற்றொருவர். சவ்வு சில வாரங்களில் உரிந்துவிட்டது. இமைகளின் புரளல் மட்டும் நிலைத்துவிட்டது. இதை மருத்துவர்கள் ‘எக்ட்ரோப்பியன்’ என்று குறிப்பிடுகிறார்கள். கன்னத்துத் தோல் தடித்து இறுகும்போது, கீழிமையைத் தன்பக்கம் இழுக்கிறது. சின்னத் துணியால் பெரிய பாத்திரத்தை மூட முயன்றால் ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் திறந்துகொள்ளும் அல்லவா? அதுபோலத்தான்.

இந்நோய்களும் கண்ணும் பிணைந்திருப்பதை உலகம் நெடுங்காலமாக அறியும். இக்தியோசிஸ் வகைகளிலேயே மிகக் கடுமையான ஒன்றுடன் பிறந்த குழந்தையைப் பற்றி, அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரில் ஆலிவர் ஹார்ட் என்ற போதகர் 1750-ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அக்குழந்தையின் கண்கள் உறைந்த இரத்தக் கட்டிகள் போல வெளியே துருத்தி நின்றதையும் அவர் குறித்திருக்கிறார். அவர் கண்டது புரண்ட இமைகளைத்தான். அன்று அவருக்கு அதன் காரணம் தெரிய வழியில்லை.

தோலுக்கும் கண்ணுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். தாயின் வயிற்றில் கரு வளரும்போது எந்தப் படலம் மேல்தோலாகிறதோ, அதே படலத்திலிருந்துதான் கண்ணின் முன்புற மேலுறையும் கண்ணுக்குள்ளிருக்கும் வில்லையும் உருவாகின்றன. ஆகவே தோலைத் தாக்கும் பரம்பரை நோய்கள் பல கண்ணையும் விட்டு வைப்பதில்லை. உடலில் நிறமி குறைந்து பிறப்பவர்களுக்கு வெளிச்சத்தில் கண் கூசும், விழிகள் ஆடும், பார்வை மங்கும். சூரிய ஒளியின் கேட்டைத் தோலால் சரிசெய்ய இயலாத ‘ஸீரோடெர்மா பிக்மென்டோசம்’ என்ற நோயில் இமைகளில் புற்றே வரலாம். சிறிது உரசினாலும் தோல் கொப்புளிக்கும் நோய் உள்ளவர்களில் சிலருக்குக் காலையில் கண்ணைத் திறப்பதே கண்ணைக் கீறிவிடும். இக்தியோசிஸிலேயே ஆண்பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகையில் கண்ணின் முன்படலத்தில் நுண்ணிய புள்ளிகள் தோன்றும். நல்லவேளையாக அவை பார்வையைக் கெடுப்பதில்லை.

கண்ணின் முன்னால், கடிகாரக் கண்ணாடி போல் கவிந்திருக்கும் தெளிவான படலத்துக்குக் கார்னியா என்று பெயர். நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லி மீட்டர். அதில் இரத்தக் குழாய் கிடையாது, இருந்தால் தெளிவு கெட்டுவிடும். ஆகவே தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. கண்ணீர் காய்ந்தால் கார்னியா காயும். காய்ந்தால் கீறல் விழும். கீறல் வழியே கிருமி நுழையும். கிருமி நுழைந்தால் புண். புண் ஆறினாலும் தழும்பு. அந்தத் தழும்பைத்தான் நம் ஊரில் “கண்ணில் பூ விழுந்துவிட்டது” என்கிறோம். பூ என்று எவ்வளவு மென்மையாகச் சொல்லிவிட்டார்கள்!

எங்களைப் பார்த்துப் பலரும் கேட்பது, “ஏன் அழுகிறாய்?” என்பதே. கண் காய்கிறது என்று சொல்லும் எங்களுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருப்பது வேடிக்கைதான். கண்ணாடியில் உங்கள் கீழிமையின் உள்மூலையைக் கவனித்துப் பாருங்கள், ஊசி முனையளவு ஒரு துளை தெரியும். கண்ணீர் அதன் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதற்கு அதுவே காரணம். எங்களுக்கு இமை புரண்டிருப்பதால் அத்துளை கண்ணைத் தொடுவதில்லை. கண்ணீர் வடிய வழியின்றிக் கன்னத்தில் வழிகிறது. அதே நேரம் இமை அதைக் கண்ணின்மேல் பரப்பவும் இயலுவதில்லை. வாய்க்கால் உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓட, வயல் காய்ந்து கிடப்பது போன்ற நிலைமை. ஆகவே தோழியரே, நாங்கள் அழுகிறோம் என்று எண்ணாதீர்கள். அழும்போது நாங்களே சொல்லிவிடுவோம்!

உறக்கத்தில் எங்களைப் பார்த்தவர்களுக்கு அச்சம் உண்டாவது இயல்பே. சாரணியர் முகாமில் இரவு தண்ணீர் குடிக்க எழுந்த ஒரு தோழி எங்களில் மூத்தவளைப் பார்த்து அலறியதில் முகாமே விழித்துக்கொண்டது. இமை திறந்திருக்க, உள்ளே வெள்ளை விழி மட்டும் தெரிந்ததாம். உண்மையில் அது எங்களுக்குக் கிடைத்த வரம். கண்ணை மூட முயலும்போது கருவிழி தானாக மேல்நோக்கி உருண்டு மேலிமைக்குள் ஒளிந்துகொள்கிறது. உங்களில் பெரும்பாலோர்க்கும் இது நிகழும், மூடிய இமைக்குள் என்பதால் தெரிவதில்லை. சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1823-இல் இதை எழுதியதால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. இது மட்டும் இல்லாதிருந்தால் எங்கள் பார்வை என்றோ போயிருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னார்.

எங்கள் ஒரு நாளைச் சொல்லுகிறோம். காலை 4-30 மணிக்கு எழுகிறோம். இரவில் கண்ணில் இட்ட களிம்பு மறைப்பதால் சற்று நேரம் எல்லாம் புகைமூட்டமாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் ஊறி, தளர்ந்த செதில்களை மெல்லத் தேய்த்தெடுத்து, ஈரம் உலருமுன் வாசலினும் திரவப் பாரபினும் கலந்து உடலெங்கும் பூசுகிறோம். கன்னத்திலும் இமையிலும் தனியாகப் பூசி, கீழிமையை மேல்நோக்கி மெதுவாக நீவிக் கொடுப்பாள் அம்மா. தோல் இளகினால் இமையை இழுக்கும் பிடியும் இளகும். பிறகு செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. பகலெல்லாம் மணிக்கொரு முறை அதே சொட்டு. அடிக்கடி இடுவதால் பதனப் பொருள் சேராத மருந்தாகவே வாங்க வேண்டும், அதன் விலை சற்றுக் கூடுதல். இரவில் கண் நிறையக் களிம்பு இட்டு, ஈரம் காக்கும் கண்மூடியை அணிந்துகொள்கிறோம். எங்கள் தோலில் வியர்வைத் துளைகள் அடைபட்டிருப்பதால் சித்திரை வைகாசியில் உடம்பு கொதிக்கும், மின்விசிறி வேண்டும். ஆனால் மின்விசிறிக் காற்று கண்ணைக் காயவைக்கும். உடம்பைப் பார்ப்பதா, கண்ணைப் பார்ப்பதா? தலைமாட்டில் அல்லாமல் கால்மாட்டில் விசிறியை வைத்து, ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுக்கிறோம்.

இப்படியே காலம் போய்க்கொண்டிருக்கையில், 2023 மே மாதம் ஆச்சி ஊரில் கோயில் கொடை. காற்று வீசும் காலம். வீட்டுப் பின்புறம் வைக்கோல் படப்பு. எங்களில் இளையவளின் வலது கண்ணில் ஒரு துரும்பு பறந்து வந்து விழுந்தது. உங்களுக்கானால் இமை சட்டென்று மூடித் தடுத்திருக்கும். மறுநாள் கண் சிவந்தது. மாமா பதறிப்போய்ப் பக்கத்து ஊர் மருந்துக் கடைக்குச் சென்று கேட்டார். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்தார். இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். நான்காம் நாள் காலை, களிம்பைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. கருவிழியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

அன்று பகலுக்குள் மதுரைக்கு ஓடினோம். ஆரஞ்சு நிறத் தாளின் நுனியைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கார்னியாவில் புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. அங்கிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது பூஞ்சைக் காளானின் இழைகள் தெரிந்தன. வைக்கோல், இலை, மண் ஆகியவற்றோடு கண்ணுக்குள் போகும் இக்காளான் நம் பக்கத்து வயல்வெளிகளில் பலருடைய பார்வையைப் பறித்திருக்கிறது. கடையில் கொடுத்த சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது சிவப்பை மறைக்கும், வலியை மறைக்கும். ஆனால் கிருமியோடு போராடும் காவலரையும் தூங்க வைத்துவிடும். காளானுக்கு அதைவிட நல்ல காலம் ஏது?

“கண்ணைக் காப்பாற்றிவிடலாமா?” என்று அப்பா கேட்டார். “முயலுவோம். ஆனால் மருந்து ஒரு மணி தப்பக் கூடாது” என்றார் டாக்டர் அம்மா. நாட்டமைசின் என்னும் மருந்து, இரவும் பகலும் மணிக்கொரு சொட்டு. அப்பா, அம்மா, மாமா, அண்ணன், மூத்தவள் என்று ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டு விழித்திருந்தோம். மூத்தவள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு புள்ளி வைத்தாள். இளையவளுக்கு அந்த நாட்களில் வலியைவிட வேறொன்று பெரிதாயிருந்தது. நல்ல கண்ணை மூடிக்கொண்டு, நோயுற்ற கண்ணால் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்ப்பாள். தேதி எண் தெரிகிறதா? நேற்று தெரிந்தது இன்றும் தெரிகிறதா? யாருக்கும் தெரியாமல் நாளுக்குப் பத்து முறை பார்த்திருப்பாள்.

இரண்டாம் வாரத்தில் புள்ளி வளர்வது நின்றது. டாக்டர் அம்மா வலது கண் இமைகளின் வெளியோரத்தைச் சிறிதளவு தைத்து நெருக்கி வைத்தார், திறப்பு குறைந்தால் காய்வதும் குறையும் என்பதற்காக. ஜூன் 12-ஆம் தேதி பள்ளி திறந்தபோதும் மருந்து நிற்கவில்லை. அப்போது எங்கள் தோழியர் செய்ததை என்றும் மறக்க மாட்டோம். வகுப்புத் தலைவி மணி அடித்ததும் எழுந்து, “சிஸ்டர், மருந்து நேரம்” என்பாள். ஒருத்தி கையைச் சோப்பிட்டுக் கழுவி வருவாள். ஒருத்தி சொட்டு விடுவாள். ஒருத்தி கரும்பலகையில் எழுதியதை நோட்டில் எழுதித் தருவாள். ஜன்னலோரத்திலிருந்தும் மின்விசிறியின் கீழிருந்தும் எங்கள் இடத்தை மாற்றித் தந்தார்கள். ஆறு வாரத்தில் புண் ஆறியது. பார்வையின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஒரு சிறு பூ மிஞ்சியது. நாட்காட்டி எண் இன்றும் தெரிகிறது.

இமையை அறுவை செய்து சரிப்படுத்தக் கூடாதா என்று பலர் கேட்பதுண்டு. செய்யலாம். உடலின் வேறோரிடத்திலிருந்து தோலை எடுத்து இமையில் ஒட்டுவார்கள். ஆனால் எங்களுக்கு எங்கிருந்து எடுத்தாலும் அதே தோல்தானே! நாளடைவில் அதுவும் சுருங்கி, இமை மீண்டும் புரள்வதுண்டு. ஆகவே மிகவும் தேவைப்பட்டால் மட்டுமே செய்வர். வைட்டமின் ‘ஏ’ இனத்தைச் சேர்ந்த மாத்திரைகள் தோலை மெலியச் செய்யும், சிலருக்கு இமையும் தளரும். ஆனால் அவை கண்ணை மேலும் காயவைக்கலாம். கருவிலிருக்கும் குழந்தைக்கும் பெருங்கேடு செய்யும். அவற்றில் ஒன்றை நிறுத்திய பின்னும் மூன்றாண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கு இவற்றைத் தருமுன் மருத்துவர்கள் பலமுறை யோசிப்பதற்கு இதுவே காரணம். கார்னியா பழுதானால் தானம் பெற்ற கார்னியாவைப் பொருத்தலாமே என்பீர்கள். கண்தானம் மகத்தானது, பலருக்கு ஒளி தருவது. எங்களுக்கோ, மூடாத இமைக்குக் கீழே புதிய கார்னியாவும் காயும். எனவே இருப்பதைக் காப்பதே எங்கள் முதல் மருத்துவம்.

இனிச் சொல்லப்போவது பெற்றோர்களுக்கு. எங்கள் அப்பா, அம்மாவுக்கு அத்தை மகன். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. ஒரு பிரதியில் பிழை இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். எங்கள் பெற்றோர் இருவருக்கும் அப்படி ஒவ்வொரு பிழைப்பிரதி உண்டு, அவர்கள் தோலில் ஒரு குறையும் இல்லை. ஒரே தாத்தா பாட்டியின் வழியில் வந்தவர்கள் ஆகையால் ஒரே பிழை இருவரிடமும் வந்து சேர்ந்தது. இத்தகைய தம்பதியரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கு பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்பது இதன் பொருள் அன்று. ஒவ்வொரு முறையும் தாயம் புதிதாக உருட்டப்படுகிறது. எங்கள் வீட்டில் மூவரில் இருவருக்கு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு ஒரு கவலை. “இந்தப் பிள்ளைகளை அசலில் யார் கட்டுவார்கள்? மூத்தவளை மாமன் மகனுக்கே முடித்துவிடுவோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்பினால் சொன்னதுதான். மதுரைக்குப் போகும்போது மாமா ஆச்சியையும் மரபியல் ஆலோசனைக்கு அழைத்து வந்தார். மாமாவிடம் அந்தப் பிழை இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, மாமா மகனிடம் நான்கில் ஒன்று, அவனை மூத்தவள் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டில் ஒன்று என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிழையில்லாத ஒருவரை மணந்தால் குழந்தைகளுக்கு இந்நோய் வராது, இரத்தப் பரிசோதனையிலேயே அதை அறியலாம் என்றும் விளக்கினார்கள். “எட்டில் ஏழு நல்லதுதானே ஐயா?” என்று கேட்டாள் ஆச்சி. யாரும் பேசவில்லை. இளையவள்தான், “ஆச்சி, ஆறு வாரம் மணிக்கொரு தரம் நீ எழுந்திருப்பாயா?” என்றாள். ஆச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும்போது, “அவள் படிக்கட்டும் அம்மா. கல்யாணப் பேச்சை என் வீட்டில் எடுக்க வேண்டாம்” என்று மாமா முடித்து வைத்தார்.

இதை எழுதுவதால் நாங்கள் பிறந்திருக்கக் கூடாது என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். பிறந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே. எங்கள் பெற்றோர் மீது வருத்தமும் இல்லை, அவர்களுக்குச் சொல்ல அன்று ஆளில்லை. இன்று ஆள் இருக்கிறார்கள். சொந்தத்தில் சம்பந்தம் பேசும் வீடுகளில், பரம்பரை நோய் ஏதேனும் இருந்தால், ஜாதகத்தோடு மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி என்று ஒருவர் இருந்தார். கீல்வாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப் போயின. ஆயினும் அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976-இல் அவர் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. எங்கள் விரல்களும் தோல் இறுகி முழுவதும் மடங்குவதில்லை. எங்களில் மூத்தவள் அடுத்த ஆண்டு கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். “நீ எப்படி மற்றவர் கண்ணைப் பார்ப்பாய்?” என்று கேட்டவர்களுக்கு அவரைத்தான் அவள் பதிலாகச் சொல்லுகிறாள். இளையவள் இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு அவளுக்குக் கேரம் விளையாட்டே போதும்.

தோழியரே, உங்களிடம் நாங்கள் கேட்பது சில செய்திகளே. வீட்டில் யாருக்கேனும் கண் சிவந்து வலித்தால் பழைய சொட்டு மருந்தை எடுக்காதீர்கள், கடையில் கேட்டும் வாங்காதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? தூசி விழுந்தால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவுங்கள். பேருந்திலோ கோயிலிலோ எங்களைப் போன்ற ஒரு குழந்தையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம், உற்றுப் பார்த்து அனுதாபப்படவும் வேண்டாம். பெயரைக் கேட்டுப் பேசுங்கள். அக்குழந்தையின் தாயிடம், “கண் டாக்டரைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேளுங்கள். தோலையே பார்த்துக்கொண்டு கண்ணை மறந்துவிடும் வீடுகள் பல.

எங்களைச் சேர்த்துக்கொள்ள முன்பு வேறோர் ஊரில் ஒரு பள்ளி தயங்கியது. இங்கே சேர்ந்த நாளில் தலைமையாசிரியை அருட்சகோதரி எங்கள் சம்மதத்தைக் கேட்டு, தோல் மருத்துவரின் கடிதத்தைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்தார். வாசித்து முடித்து, எண்ணெய்ப் பிசுக்குள்ள எங்கள் கையைப் பிடித்துத் தாமே வகுப்புக்கு அழைத்துச் சென்றார். அவருக்கும், ஆசிரியைகளுக்கும், மணி அடித்ததும் எங்கள் மருந்தை நினைவூட்டும் தோழியருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அடுத்த ஆண்டு மூத்தவள் கல்லூரிக்குப் போய்விடுவாள். பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவில் இருக்கப்போகும் தோழியரே, இளையவளுக்கு மணிக்கொரு சொட்டு. மறந்துவிடாதீர்கள்!